ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கும், காத்திருக்கும் பெற்றோருக்கும்

(வெளிநாடுகளில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளின் குடும்பத்தாருக்காக நம் அறக்கட்டளை அரங்கில் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி என்று சொல்லித்தர நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பெரியார் நிலையத்திலிருந்து காளவாசல் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ விளம்பரப் பலகைகள். எந்த நாடு, எவ்வளவு கட்டணம், விடுதியில் தென்னிந்தியச் சாப்பாடு உண்டா, ஹலால் கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். அனுப்பும் நாளில் இரண்டு வேன் பிடித்து விமான நிலையம் போகிறோம். துஆ செய்து, கண்ணீரோடு வழியனுப்புகிறோம்.

படிப்பை முடித்து எப்படித் திரும்புவது என்று சொல்லித்தர ஒரு பலகையும் கிடையாது. பரீட்சை முடிந்தால் பையன் டிக்கெட் போட்டு வந்துவிடப் போகிறான், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் நம் அறக்கட்டளையின் கல்வி உதவிப் பிரிவுக்கு வரும் குடும்பங்களைப் பார்த்தால், போகும்போது சிக்கியவர்களைவிடத் திரும்பி வந்தபின் சிக்கிக்கொண்டவர்கள் அதிகம். ஐந்தாறு வருடப் படிப்பில் கடைசி ஆறு வாரத்தில் செய்திருக்க வேண்டிய சில வேலைகளைச் செய்யாததால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பிள்ளைகள் செய்ய வேண்டியதை முதலிலும், நாம் செய்ய வேண்டியதைப் பிறகும் பார்ப்போம்.

காகிதம் முதலில்

உலகப் பயணி இப்னு பதூதா நம் மதுரைக்கு வந்தவர். 1340-களில் இங்கே சுல்தான்களின் ஆட்சி நடந்தபோது வந்தார். அப்போது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது, அவரும் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பிறகு இங்கிருந்து புறப்பட்டு, கொல்லத்தில் கப்பலேறி வடக்கே ஹோனாவர் நோக்கிப் போகும்போது கடற்கொள்ளையர் சூழ்ந்துகொண்டார்கள். உடுத்தியிருந்த கால்சட்டை தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். புகாராவில் அறிஞர்களின் அடக்கத்தலங்களில் இருந்த கல்வெட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அதில் போயின. பொன்னும் மணியும் போனதைச் சொன்னவர், அந்தக் குறிப்புகள் போனதையும் மறக்காமல் சொல்கிறார். ஊர் திரும்பி, 1355-ல் தம் பயணத்தை எழுதிமுடிக்கச் செய்தபோது பெரும்பகுதியை நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு நினைவாற்றல் இருந்தது, அதனால் புத்தகம் கிடைத்தது. நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணை நினைவிலிருந்து சொன்னால் எந்த அலுவலகமும் ஏற்காது. காகிதம்தான் பேசும்.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது ‘ஆபரேஷன் கங்கா’ மூலம் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். பெரும்பாலோர் மாணவர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம். உயிர் தப்பி வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அதன்பின் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2024 மே மாதம் கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரில் ஒரே இரவில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல்கள் தாக்கின. எப்போது எது நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கடைசி வாரம் வரை காத்திருக்காமல், கிடைக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் கிடைத்த அன்றே படம் எடுத்து, பல்கலைக்கழக மின்னஞ்சலில் அல்லாமல் சொந்த மின்னஞ்சலில் வைக்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சலைப் பல இடங்களில் மூடிவிடுவார்கள். அதிலிருந்த எல்லாம் அதோடு போய்விடும்.

வாங்க வேண்டியவை எவை? பட்டச் சான்றிதழ், வருடவாரியான மதிப்பெண் விவரமான டிரான்ஸ்கிரிப்ட், பாடத்திட்டத்தின் நகல், ஆங்கில வழியில் பயின்றதற்கான கடிதம், நேரடி வகுப்பில் படித்ததற்கான சான்று, மருத்துவ மாணவர் என்றால் இன்டர்ன்ஷிப் சான்று. பட்டச் சான்றிதழ் அச்சாகி வரச் சில வாரம் ஆகும் என்றால், அதுவரை தற்காலிகச் சான்றிதழ். இருந்து வாங்க முடியவே முடியாது என்றால், நம்பகமான ஒருவருக்கு முறையாக அதிகாரக் கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். ‘ஃபிரெண்டு வாங்கி அனுப்புவான்’ என்ற வாய்ச்சொல்லைப் பல்கலைக்கழக அலுவலகம் ஏற்காது.

அடுத்து அபோஸ்டில். ஒரு நாட்டின் சான்றிதழ் உண்மையானது என்று அந்த நாட்டு அரசே முத்திரையிட்டுத் தருவதுதான் அபோஸ்டில். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் அது செல்லும். இந்தியாவில் அது 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ரஷ்யா, ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், பிலிப்பைன்ஸ், பிரிட்டன் எல்லாம் அதில் உண்டு. அதில் சேராத நாடுகளில் நம் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த முத்திரையைச் சென்னையிலோ டெல்லியிலோ வாங்க முடியாது. சான்றிதழ் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாட்டில்தான் வாங்க வேண்டும். அங்கே இருக்கும்போதே வாங்குவது எளிது. இங்கே வந்துவிட்டால் தரகருக்குப் பணம், கூரியருக்குப் பணம், இரண்டு மூன்று மாதக் காத்திருப்பு.

பெயர்க் குழப்பம் நம் சமுதாயத்துக்கென்றே எழுதி வைத்தது போல இருக்கிறது. ‘முஹம்மது’ என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுகிறோம். பிளஸ் டூ சான்றிதழில் அத்தா பெயருக்கு ஓர் எழுத்து மட்டும் இனிஷியலாக நிற்கும், பாஸ்போர்ட்டில் அத்தா பெயர் முழுதாகக் குடும்பப் பெயரின் இடத்தில் இருக்கும். ரஷ்ய எழுத்தில் எழுதி மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இன்னொரு பெயர் பிறக்கும். பட்டச் சான்றிதழில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று அச்சாகும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். அச்சாகும் முன் திருத்த ஒரு மனு போதும். அச்சான பிறகு பிரமாணப் பத்திரம், அரசிதழ், நாளிதழ் விளம்பரம் என்று அலைய வேண்டும்.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியக் கூடாது. அந்த நாட்டுக்குள் நுழைந்த, வெளியேறிய முத்திரைகள்தான் பிள்ளை உண்மையிலேயே அங்கிருந்து படித்ததற்குச் சாட்சி.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகள்

இங்கு கூடியிருப்போரில் பாதிக்கு மேல் மருத்துவ மாணவரின் பெற்றோர். 2021 நவம்பர் 18-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் புதிய விதிமுறைகள் வந்தன. அதன்பின் சேர்ந்தவர்கள் இப்போதுதான் படிப்பை முடிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அண்ணன் காலத்தில் இருந்த நடைமுறை தம்பிக்குப் பொருந்தாது.

விதி இதுதான். படிப்பு குறைந்தது 54 மாதம். அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப், அதே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில். அந்த நாட்டில் மருத்துவராகத் தொழில் செய்ய அந்த நாட்டவருக்கு இருக்கும் தகுதி நம் பிள்ளைக்கும் இருக்க வேண்டும். பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வு, மேலும் 12 மாத இன்டர்ன்ஷிப். எல்லாம் சேர்த்து, படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் முடிய வேண்டும்.

ஆகவே ‘படிப்பு முடிந்துவிட்டது, இன்டர்ன்ஷிப்பை நம்ம ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம், கிளம்பி வா’ என்று எந்தப் பெற்றோரும் சொல்லாதீர்கள். அங்கே செய்ய வேண்டிய பன்னிரண்டு மாதத்தை இங்கே செய்து ஈடுகட்ட முடியாது. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பவும் விசா எடுத்துப் போவதற்கு ஆகும் செலவு உங்களுக்குத் தெரியும்.

தகுதித் தேர்வு 300 கேள்வி, 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் சமீப ஆண்டுகளின் பல தேர்வுகளில் எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. பிள்ளைகளுக்கு அறிவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. இந்தியத் தேர்வுக்கான படிப்பை ஊர் வந்தபின் தொடங்குவதுதான் பெரிய காரணம். அங்கே கடைசி வாரங்களில் இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, தினம் இரண்டு மணி நேரமாவது இந்தியத் தேர்வுக்கு ஒதுக்குவது. இரண்டாவது, வார்டில் நிற்பது. இங்கே வந்து பயிற்சி மையத்தில் கேள்வி-பதில் எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் படிக்கலாம். நோயாளியின் பக்கத்தில் நின்று, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பேராசிரியரிடம் திட்டு வாங்கிக் கற்கும் வாய்ப்பு தேர்வு எழுதித் தேறும் வரை மறுபடி வராது.

கையில் பட்டமும் தொழிலில் தயக்கமுமாக வந்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. காந்தியடிகள் லண்டனில் 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆனார். 11-ல் உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்தார். 12-ல் கப்பலேறிவிட்டார். இந்தியச் சட்டம் எதுவும் தெரியாமல் போகிறோமே என்ற பயம் அவருக்கு அப்போதே இருந்தது. பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றவருக்குப் பேச்சு வரவில்லை. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். முப்பது ஆண்டு கழித்து, 1921 செப்டம்பரில் இதே மதுரையில்தான் அவர் சட்டையையும் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். பட்டத்தோடு வந்து தடுமாறுவது வாழ்க்கையின் முடிவல்ல என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனாலும் தடுமாற்றத்தைக் குறைக்க முடியும் என்றால் குறைக்கத்தானே வேண்டும்?

முதுகலை படிக்கும் பிள்ளைகள்

பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. படிப்பு ஓராண்டோ அதற்கு மேலோ என்றால், படிப்பு முடிந்த பிறகும் மாணவர் விசாவில் நான்கு மாதம் மீதம் இருக்கும். அதற்குள், பிரிட்டனுக்குள்ளேயே இருந்துகொண்டுதான் அடுத்த ‘கிராஜுவேட்’ விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை படிப்பை வெற்றிகரமாக முடித்தான் என்று பல்கலைக்கழகம் அந்நாட்டு உள்துறைக்குத் தெரிவித்த பிறகே விண்ணப்பிக்கலாம். முடிவு வரும் முன் நாட்டைவிட்டுக் கிளம்பினால் விண்ணப்பம் ரத்து. இந்த விசா இப்போது இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதம். அமெரிக்காவில் படிப்புக்குப் பிந்தைய பயிற்சி அனுமதிக்கு, படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரைதான் விண்ணப்பிக்க முடியும்.

இதை ஏன் பெற்றோரிடம் சொல்கிறோம்? ‘ராத்தா கல்யாணத்துக்கு ஒரு வாரம் வந்துட்டுப் போடா’ என்று அழைப்பது நாம்தான். திருமங்கலத்துக்கு அருகே ஒரு குடும்பத்தில் அப்படி அழைத்தார்கள். பையனும் பாசத்தில் வந்தான். வலீமா முடிந்து ஊர் கலைந்தபோதுதான் அவன் இழந்தது என்னவென்று தெரிந்தது. திரும்பிப் போய் விண்ணப்பிக்க வழியில்லை, வேலை பார்த்து அடைக்கலாம் என்று எண்ணியிருந்த கல்விக் கடன் மட்டும் நின்றது. கல்யாணத் தேதி குறிக்கும் முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மூன்று மாதம் தள்ளி வைத்திருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது.

வேறு துறைகளில் பட்டம் பெற்று இங்கே மேற்படிப்போ வேலையோ தேடுபவர்களுக்கு இணைச் சான்று வேண்டும். இதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. மருத்துவம், சட்டம், செவிலியம் போன்றவை அதில் வராது, அந்தந்தக் கவுன்சிலைத்தான் அணுக வேண்டும். எந்த வழியில் போனாலும் டிரான்ஸ்கிரிப்டும் பாடத்திட்டமும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மனிதர்களுக்கான ஹக்

காகிதம் முடிந்தது. இனி மனிதர்கள். ஒரு பிள்ளை ஐந்தாறு வருடம் ஓர் ஊரில் வாழ்கிறான் என்றால் அங்கே அவனுக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கும். அறைத்தோழனிடம் வாங்கிய ஐந்தாயிரம், மளிகைக் கடையில் நிற்கும் சிறு பாக்கி, நூலகப் புத்தகம், இணையக் கட்டணம். கடன் என்பது அடியானின் கழுத்தில் கிடக்கும் சுமை என்று மதரஸாவில் படித்துவிட்டுத்தான் போனார்கள். விமானம் ஏறியபின் அந்தக் கடைக்காரரை எங்கே தேடுவது? போகும் முன் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துவிடச் சொல்லுங்கள். யாரையாவது மனம் நோகப் பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள், மறுபடி இம்மையில் சந்திப்பார்களோ இல்லையோ.

தனக்கு வர வேண்டியதையும் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு முன்பணத்தை விட்டுவிட்டு வருவது பெருந்தன்மை இல்லை, அது அத்தாவின் உழைப்பு. இங்கிலாந்தில் எவ்வளவு திருப்பித் தருவது என்று இருவரும் ஒத்துக்கொண்ட பத்து நாளுக்குள் வீட்டுக்காரர் பணத்தைத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குடியேறிய நாளிலும் காலி செய்யும் நாளிலும் அறையைப் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு வராது. அங்கே முழுநேர மாணவருக்கு இருக்கும் வீட்டு வரி விலக்கு படிப்பு முடிந்ததும் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆசிரியர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் என்று ஒன்று பிற்காலத்தில் தேவைப்படும். இரண்டு வருடம் கழித்து, நூற்றுக்கணக்கான மாணவரில் ஒருவராக மின்னஞ்சல் எழுதிக் கேட்பதற்கும், முகம் நினைவிருக்கும்போது அறைக்குப் போய் சலாமோ வணக்கமோ சொல்லி, ‘உங்களிடம் இதைக் கற்றேன்’ என்று சொல்லிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. கடிதம் கிடைக்காவிட்டாலும் நன்றி சொன்ன நன்மை இருக்கிறது.

விட்டுவிட்டு வரும் சாமான்கள் பற்றி ஒரு வார்த்தை. குக்கர், இட்லித் தட்டு, கம்பளி, மேசை விளக்கு, பழைய புத்தகங்கள். இவற்றை விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. முதல் வருடம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வரலாம். நம் நெல்பேட்டைப் பிள்ளை விட்டுவந்த குக்கரில் அடுத்த ஐந்து வருடம் மேலூர்ப் பிள்ளையோ மலப்புரத்துப் பிள்ளையோ சோறு வடித்தால் அது ஸதகா ஜாரியா அல்லவா? சாமானைவிடப் பெரியது அனுபவம். எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த மருத்துவமனைப் பயிற்சி நல்லது, குளிர்காலத்தில் எதை அணிய வேண்டும் என்று ஜூனியர்களை உட்கார வைத்து ஒரு மாலை சொல்லிக்கொடுக்கலாம்.

அந்த நாட்டையும் பார்க்கட்டும்

நம் மதுரைக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். மூன்று நாளில் மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்கிறார்கள், நாயக்கர் மஹாலைப் பார்க்கிறார்கள், ஜிகர்தண்டா குடிக்கிறார்கள், காஜிமார் தெருப் பள்ளிவாசலுக்கும் கோரிப்பாளையம் தர்காவுக்கும் வந்து படம் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகளோ ஐந்து வருடம் இருந்த நாட்டில் விடுதி, வகுப்பு, பலசரக்குக் கடை மூன்றையும்தான் பார்த்திருப்பார்கள். பணம் கரையுமே என்ற அச்சம் ஒரு காரணம். ‘ஊர் சுத்தவா அனுப்பினோம்’ என்று நாம் கேட்போமே என்ற அச்சம் மற்றொன்று.

உஸ்பெகிஸ்தானில் படிக்கும் பிள்ளை சமர்கந்துக்கு அருகில் இமாம் புகாரி அவர்களின் அடக்கத்தலத்தைப் பார்க்காமல் திரும்பலாமா? கிர்கிஸ்தானில் படித்தவர் இஸிக்-குல் ஏரியையும், ஓஷ் நகரில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சுலைமான் மலையையும் பார்க்க வேண்டாமா? ஹதீஸ் தேடி ஊர் ஊராக நடந்த அறிஞர்களைப் பற்றி மேடையில் பேசுகிறோம். அவர்கள் நடந்த மண்ணிலேயே இருக்கும் பிள்ளைக்கு இரண்டு நாள் பேருந்துச் செலவு கொடுக்கத் தயங்குகிறோம். பரீட்சைக்கும் விமானத்துக்கும் இடையில் நான்கைந்து நாள் கொடுங்கள். துணையோடும் பாதுகாப்போடும் போய் வரட்டும். பெண் பிள்ளைகளுக்கும் இது உரியது. நண்பிகள் குழுவாக, ஆசிரியை ஒருவரோடு போய் வர ஏற்பாடு செய்யலாம்.

இனி நம் பங்கு

பெற்றோர்களே, கடைசி வாரங்களில் பிள்ளையின் வாட்ஸ்அப்பில் நாம் என்ன எழுதுகிறோம் என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாமுவுக்கு அத்தர், சின்னம்மாவுக்குக் கம்பளி, பக்கத்து வீட்டுக்குச் சாக்லேட், மச்சானுக்குக் கைபேசி. இரண்டு பெட்டியில் ஐந்து வருட வாழ்க்கையைக் கட்டும் பிள்ளை, பாடப் புத்தகத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சாக்லேட்டை உள்ளே வைக்கிறான். சாக்லேட் டவுன்ஹால் ரோட்டிலேயே கிடைக்கிறது. பட்டியல் அனுப்பாதீர்கள். சொந்தக்காரர்கள் அனுப்பினாலும் நீங்களே தடுத்து வையுங்கள்.

அடுத்தது கல்யாணப் பேச்சு. பெண் பிள்ளை என்றால் கடைசிப் பரீட்சை நாளன்றே மாப்பிள்ளை வீட்டார் வந்து போகும் ஏற்பாடு நடக்கிறது. பரீட்சை எழுதும் பிள்ளையின் மனதில் அதைப் போடாதீர்கள். தகுதித் தேர்வு என்று ஒன்று மீதி இருக்கிறது, அதை எழுதவிடுவார்களா என்று நிக்காஹ்வுக்கு முன்பே கேளுங்கள். உறுதியை ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் வாங்குங்கள். டாக்டர் மருமகள் வேண்டும் என்று கேட்டுக் கட்டிச் சென்று, அவளைத் தேர்வு எழுதவிடாமல் வீட்டில் வைத்த கதைகள் நம்மிடமே உண்டு.

மூன்றாவது, மறைக்கும் செய்திகள். இதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். காந்தியடிகள் பம்பாயில் கப்பலைவிட்டு இறங்கியபோதுதான் தம் தாய் இறந்துவிட்டதை அவருடைய அண்ணன் சொன்னார். அயல்நாட்டில் தனியாக இருப்பவனுக்கு அந்த அடி வேண்டாம் என்று வீட்டார் மறைத்திருந்தார்கள். அன்புதான் காரணம். இன்றும் நாம் அதையே செய்கிறோம். நன்னி மவுத்தான செய்தியை ‘பரீட்சை முடியட்டும்’ என்று மறைக்கிறோம். அத்தாவுக்கு ஸ்டென்ட் வைத்ததை மறைக்கிறோம். கடை கைமாறியதை மறைக்கிறோம். பிள்ளை நன்னிக்கென்று சால்வை வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறான். மதுரை விமான நிலைய வாசலில் அவனிடம் எதைச் சொல்வது?

பரீட்சைக்கு முந்தின நாள் சொல்ல வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பரீட்சை முடிந்த பிறகும், விமானம் ஏறும் முன்பும் சில வாரங்கள் இருக்கின்றன அல்லவா? அப்போது சொல்லிவிடுங்கள். அவனோடு ஐந்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர்கள் பக்கத்தில் இருப்பார்கள். அங்கேயே ஒரு பள்ளிவாசலில் துஆ செய்துகொள்வான். அழுது முடித்துவிட்டு ஊருக்கு வருவான். பணக் கஷ்டம் என்றாலும் அப்படியே. வீட்டின் நிலை தெரிந்தால்தான் தேர்வுக்குப் படிப்பதா, வேலை தேடுவதா என்று அவன் சரியாக முடிவெடுக்க முடியும். கல்விக் கடன் எவ்வளவு நிற்கிறது, தவணை எந்த மாதம் தொடங்குகிறது, யாரிடம் கைமாற்று வாங்கினோம் என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். இருபத்து நான்கு வயதுப் பிள்ளை அதைத் தாங்குவான். தெரியாமல் வந்து இறங்குவதைத்தான் தாங்கமாட்டான்.

நான்காவது, வந்த பிறகு. ‘டாக்டர்’ என்று தெருமுனையில் பேனர் வைக்காதீர்கள். உரிமம் வரும் முன் அந்த அடைமொழியே பிள்ளைக்குப் பாரம். முதல் தேர்வில் தவறினால் அந்தப் பேனரைக் கடந்து பள்ளிவாசலுக்குப் போகக் கூச்சப்படுவான். பார்க்க வருபவர்களிடம், ‘படிச்சு முடிச்சுட்டான், இன்னும் ஒரு தேர்வு இருக்கு, துஆ செய்யுங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு பத்து நாள் தூங்கட்டும், அம்மா கையால் சாப்பிடட்டும். பிறகு படிப்பு மேசையை ஒழித்துக் கொடுங்கள்.

பட்டம் வாங்காமலே திரும்பும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு பாடம் நின்றிருக்கும், அல்லது உடலோ மனமோ ஒத்துழைத்திருக்காது. அந்த வீட்டின் முன்பும் நாம் சலாம் சொல்லிப் போக வேண்டும். கேள்வி கேட்கப் போகக் கூடாது.

நம் அறக்கட்டளை செய்வது

நம் அலுவலகத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு கல்வி உதவிப் பிரிவினர் இருப்பார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகலையும் பள்ளிச் சான்றிதழ் நகலையும் கொண்டுவாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று சேர்ந்து பார்ப்போம். எந்த நாட்டில் எந்தச் சான்று வேண்டும் என்ற பட்டியலைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம், நகல் இலவசம். ஏற்கெனவே படித்து முடித்து வந்த மருத்துவர்கள் சிலர், இப்போது தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இஷாவுக்குப் பின் பாடம் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்கள். இதற்குச் சாதி மத பேதம் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

பிள்ளைகளே, விமானம் ஏறும் முன் ஒரு நாள் உங்கள் வகுப்பறைக்கும் வார்டுக்கும் தனியாகப் போய் நின்று பாருங்கள். அத்தாவின் வியர்வையும் அம்மாவின் நகையும் அந்த இடத்தில்தான் கல்வியாக மாறியது. அந்தக் கல்வி அமானிதம். அதைச் சேதமில்லாமல் ஊர் கொண்டுவந்து சேர்ப்பதுதான் உங்கள் கடைசிப் பரீட்சை.

எல்லாப் பிள்ளைகளையும் அல்லாஹ் நலமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. அவர்கள் கற்ற கல்வியை அவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த ஊருக்கும் பயனுள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.